ஆர்க்கம் சிட்டி: அவசரப்பட்டால் அடி விழும்

முதல் இரண்டு மணி நேரம் இந்த கேமை நான் தப்பாகத்தான் விளையாடினேன். சண்டை கேம் என்றால் பட்டனை எவ்வளவு வேகமாக அமுக்குகிறோமோ அவ்வளவு அடி விழும் என்று சின்ன வயதிலிருந்தே கை பழகிவிட்டது. இங்கேயும் அதையே செய்தேன். பேட்மேன் காற்றில் குத்திக்கொண்டிருந்தார், பின்னாலிருந்து எவனோ ஒருவன் குழாயால் மண்டையில் போட்டான், அதுவரை சேர்த்த காம்போ, அதாவது இடைவிடாமல் விழுந்த அடிகளின் கணக்கு, எல்லாம் பூஜ்யம். என்னடா இது, பத்து பேரை ஒரே ஆளாக அடிப்பார் என்றார்களே என்று சலித்துக்கொண்டேன்.

'பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி' 2011-இல் வந்த கேம். லண்டனில் இருக்கும் ராக்ஸ்டெடி நிறுவனம் 2009-இல் 'ஆர்க்கம் அசைலம்' என்று ஒன்றை எடுத்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது, இது அதன் அடுத்த பாகம். கோத்தம் நகரத்தின் பழைய பகுதி ஒன்றைச் சுவர் எழுப்பி அடைத்து, உள்ளே இருக்கும் கைதிகளையும் வில்லன்களையும் எப்படியோ போங்கள் என்று விட்டுவிடுகிறார்கள், அதற்குள் பேட்மேன் மாட்டிக்கொள்கிறார். கதையைப் பற்றி இதற்கு மேல் சொல்லப் போவதில்லை. எனக்குப் பேச வேண்டியது அடிதடியும் பதுங்கலும்தான். விளையாடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டு கட்சியாகத்தான் இருப்பார்கள், சண்டைதான் உயிர் என்று ஒரு கூட்டம், இருட்டில் மேலிருந்து தூக்குவதுதான் உயிர் என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கட்சி, ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தது தாமதமாகத்தான்.

சரி, சண்டையிலிருந்து ஆரம்பிக்கலாம். அடிக்க ஒரு பட்டன், எதிராளி அடிக்க வரும்போது தடுத்துத் திருப்பி அடிக்க ஒன்று, தோளில் தொங்கும் அங்கியான கேப்பை முகத்தில் வீசித் தடுமாற வைக்க ஒன்று, தாவி விலக ஒன்று. அவ்வளவுதான். அடிக்க வருபவன் தலைக்கு மேல் நீல நிறத்தில் மின்னல் மாதிரி ஒரு கோடு துடிக்கும், அப்போது தடுப்புப் பட்டனைத் தொட்டால் போதும். என் சித்தப்பா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது ரெண்டு பட்டன் கேம்தானே, இதுல என்ன இருக்கு?" என்றான். கண்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தேன். டகடகவென்று அமுக்கினான். ஆறாவது அடியில் விழுந்தான்.

அவனுக்கு நான் சொன்னது, எனக்கு யாரும் சொல்லாதது: ஒரு அடி போய் விழுகிற வரைக்கும் பொறு. முஷ்டி எதிராளியின் தாடையில் படுகிறதே, அந்த நொடியில் அடுத்ததை அமுக்கு. அப்படி ஒவ்வொரு அடிக்கும் ஒரே ஒரு அமுக்கு என்று போனால், காம்போ மூன்றைத் தாண்டியதும் பேட்மேன் ஆளே மாறிவிடுகிறார். அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பாய்ந்து போய் அடிக்கிறார், சரியான நேரத்தில் விழுந்த அடி இரண்டாகக் கணக்காகிறது. வெறும் காற்றில் ஒரு குத்து விட்டால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து. அதனால்தான் இதை விளையாடியவர்கள் பலரும் தாளம் என்ற வார்த்தையை இழுக்கிறார்கள். எனக்கு அது தவில் கச்சேரி மாதிரி தெரியவில்லை, பரோட்டா மாஸ்டர் கொத்துகிற சத்தம் மாதிரிதான் தெரிந்தது, கை வேகமாகப் போவதாக நமக்குத் தோன்றும், உண்மையில் அந்த மனுஷன் அவசரப்படுவதே இல்லை.

பாதி கேம் வரைக்கும் இது போதும். அப்புறம்தான் கூட்டத்தில் ஆள் ஆளுக்கு ஒரு கெடுபிடி வருகிறது. கத்தி வைத்திருப்பவனைச் சாதாரணமாகத் தடுக்க முடியாது, தடுப்புப் பட்டனைப் பிடித்துக்கொண்டே கண்ட்ரோலரின் குச்சியை அவனுக்கு எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும், அவன் வீசும் ஒவ்வொரு வீச்சுக்கும். கேடயம் வைத்திருப்பவன் முன்னால் குத்தினால் கைதான் வலிக்கும், கேப்பை வீசிவிட்டு அவன் மேலேயே ஏறிக் குதிக்க வேண்டும். மின்சாரத் தடி வைத்திருப்பவனை முன்பக்கம் தொட்டாலே ஷாக், தலைக்கு மேல் தாவிப் பின்னால் போய் அடிக்க வேண்டும். கவசம் போட்டவனுக்குத்தான் நான் ஆசைப்பட்ட மாதிரி டகடகவென்று அமுக்கலாம், கேப்பால் ஒரு அடி கொடுத்துவிட்டுக் குத்து மேல் குத்து, ஆனால் கடைசிக் குத்துக்கு முன்னால் பக்கத்திலிருப்பவன் கை ஓங்குவான், அவனைத் தடுக்கப் போனால் கவசக்காரன் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து. இந்த நாலு பேரும் ஒரே கூட்டத்தில் வரும்போது, யாரை முதலில் முடிப்பது என்று கை யோசிக்க ஆரம்பிக்கிறது பாருங்கள், அங்கேதான் என் தம்பி வாயடைத்துப் போனான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு குறும்பு உண்டு. சில கூட்டத்தில் ஒருவன் மட்டும் பச்சையாகத் தெரிவான், புதிர் போடும் வில்லன் ரிட்லருடைய ஆள். அவனை மட்டும் மிச்சம் வைத்து மற்றவர்களைப் படுக்க வைத்தால், கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தகவல் கறக்கலாம். ஆனால் அவனும் சும்மா நிற்க மாட்டானே, ஆர்வமாக அடிக்க வருவான். வருகிறவனையெல்லாம் அடிக்கும் பழக்கத்தில் அவனையும் ஒரு போடு போட்டு மயக்கிவிட்டு, ஐயோ என்று நான் தலையில் கை வைத்தது எத்தனை தடவை என்று கணக்கில்லை.

சண்டையில் குறை இல்லாமல் இல்லை. சுவர் ஓரமாக ஒதுங்கிவிட்டால் கேமரா யாரோ ஒருவனின் முதுகை மட்டும் காட்டுகிறது. கேட்ஜெட்களைச் சண்டைக்கு நடுவிலேயே சட்டென்று வீசும் வசதி இருக்கிறது, வௌவால் வடிவ எறி ஆயுதமான பேட்டராங், வெடி ஜெல், மின்சாரத் துப்பாக்கி, உறைய வைக்கும் குண்டு என்று, ஆனால் எந்தப் பட்டனோடு எந்தப் பட்டன் என்று விரலுக்கு ஞாபகம் வருவதற்குள் கேம் முடிந்துவிடும் போலிருக்கிறது. கடைசி ஆள் விழும்போது மட்டும் காட்சி மெதுவாகி, எலும்பு முறியும் சத்தத்தோடு ஒரு குளோசப் வரும். ஐம்பதாவது தடவையும் அலுக்கவில்லை, அது என் பலவீனம்.

இதெல்லாம் எதிராளி வெறுங்கையோடு, இல்லையென்றால் தடி கம்போடு வரும்வரைதான். அறைக்குள் நாலு துப்பாக்கி இருக்கிறதென்றால் கேமே வேறு. இருபது பேரை நின்ற இடத்தில் நொறுக்கிய அதே ஆள் கொஞ்சம் குண்டு பட்டாலே சுருண்டு விழுகிறார். இதைத்தான் ராக்ஸ்டெடிக்காரர்கள் செய்த பெரிய புத்திசாலித்தனமாக நான் நினைக்கிறேன். 2018-இல் வந்த 'ஸ்பைடர்மேன்' கேமையும் ரசித்து விளையாடினேன், கூரை விட்டுக் கூரை தாவுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் பதுங்கல் அதில் வெறும் தொடக்கம்தான், மாட்டிக்கொண்டால் என்ன, இறங்கி அடித்துவிடலாம், துப்பாக்கிக்காரனும் சமாளிக்கக் கூடியவன்தான். எவனைத் தூக்கினால் மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள் என்பதைக் கூட அதுவே எழுதிக் காட்டிவிடும். ஆர்க்கம் சிட்டியில் அதை நீங்கள்தான் கணிக்க வேண்டும். தப்பாகக் கணித்தால் மேலே கூரை ஓரத்தில் துருத்தி நிற்கும் கார்காயில் என்ற பூதச் சிலைக்கு ஓட வேண்டும், ஓடும்போதே முதுகில் சுடுவார்கள்.

ஒரு அறையைச் சொல்கிறேன். ஆறு பேர், ஆறு துப்பாக்கி. நான் கூரை ஓரத்துச் சிலை மேல் குந்தியிருக்கிறேன். கீழே ஒருவன் தனியாக வந்து நிற்கிறான், தலைகீழாகத் தொங்கி அவனைப் பிடித்து மேலே இழுத்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறேன். அவன் அலறியதும் மற்றவர்கள் ஓடி வருகிறார்கள், நான் அதற்குள் வேறு சிலைக்குப் போய்விட்டேன். தொங்குகிறவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு மூன்று பேர் கீழே நிற்கும்போது, அங்கிருந்தே ஒரு பேட்டராங் வீசிக் கயிற்றை அறுத்தேன். பொத்தென்று விழுந்தான். அந்த மூன்று பேர் திசைக்கு ஒருவராகச் சிதறியதுதான் எனக்கு வேண்டியது, தனித்தனியாகப் போனால் தனித்தனியாக முடித்துவிடலாம் இல்லையா. ஒருவனைத் தரைக்கு அடியில் இருக்கும் கம்பிவலையிலிருந்து, ஒருவனைச் சுவருக்குப் பின்னாலிருந்து வெடி ஜெல்லால். கடைசியில் ஒரே ஒருவன் மிஞ்சினான். டிடெக்டிவ் மோடு என்ற எக்ஸ்ரே பார்வையில் பார்த்தால் அவன் இதயத்துடிப்பு எகிறிக் கிடக்கிறது. பின்பக்கமாகவே நடக்கிறான், ஏதோ சத்தம் கேட்டதும் சடாரென்று திரும்பித் துப்பாக்கியை நீட்டுகிறான், அங்கே யாரும் இல்லை. அவனை உடனே அடிக்க எனக்கு மனசு வரவில்லை. இரக்கம் இல்லை, ருசி. இரண்டு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த டிடெக்டிவ் மோடைப் பற்றித்தான் நிறைய பேருக்கு மனத்தாங்கல், எனக்கும். ஒரு பட்டனை அமுக்கினால் சுவரைத் தாண்டி எல்லா ஆளும் எலும்புக்கூடாகத் தெரிவார்கள், யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது உட்பட. அது இல்லாமல் பதுங்குவது கஷ்டம், அது இருந்தால் இவ்வளவு அழகாக வரைந்த அழுக்கு நகரம் முழுக்க நீல எக்ஸ்ரே படம் மாதிரி ஆகிவிடுகிறது. பாதி கேமை நான் அந்த நீலத்திலேயே ஓட்டிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. போகப் போக அதைக் குழப்பிவிடும் கருவியைச் சுமந்துகொண்டு வருபவர்கள், சிலைகளில் குந்தியிருப்பதை வெப்பக் கண்ணாடியால் கண்டுபிடிப்பவர்கள், தரையில் கண்ணிவெடி வைப்பவர்கள் எல்லாம் வருகிறார்கள். அந்த அறைகள்தான் கேமின் உச்சம். இன்னும் சீக்கிரமாகவே அவர்களை இறக்கியிருக்கலாம்.

அடியாட்களின் ஞாபக மறதியும் கொஞ்சம் ஓவர். நேருக்கு நேர் பார்த்து, சுட்டு, துரத்தி, நான் மேலே தாவி ரெண்டு சிலை மாறி உட்கார்ந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் பழையபடி ரோந்து போகிறார்கள். அண்ணாந்து பார்க்கத்தான் கழுத்து என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

திருடி கேட்வுமனாகவும் இடையிடையே விளையாடலாம், கேம் ஆஃப் தி இயர் பதிப்பில் அவள் கூடவே வருகிறாள். கை வேகம், சாட்டை, கூரைக் கம்பிவலையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போகும் வித்தை எல்லாம் சரி, ஆனால் அவள் பகுதி குட்டி.

இனி ஆளை உறைய வைக்கும் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ். இந்த ஒரு சண்டைக்காகவே கேமை வாங்கலாம் என்று நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள், சொல்லட்டும். சூப்பர் ஹீரோ கேம்களில் பாஸ், அதாவது முக்கிய வில்லன், என்றால் பெரிய உருவம், மூன்று தடவை ஒரே வித்தை, முடிந்தது. போன பாகத்தின் கடைசியில் ஜோக்கரை அப்படித்தான் பூதமாக்கி வீணடித்தார்கள். ஃப்ரீஸ் அப்படி இல்லை. பழைய போலீஸ் கட்டடத்துக்குள் இருக்கும் அவனுடைய ஆய்வகம், நீங்கள், அவன், அவ்வளவுதான். நேராகப் போனால் உறைந்து போவீர்கள். பின்னாலிருந்து ஒரு தடவை போட்டேன், நன்றாகவே விழுந்தது. அடுத்த தடவையும் அதே மாதிரி போகப் பார்த்தால் கதை நடக்கவில்லை, அவன் அதைக் கற்றுக்கொண்டுவிட்டான். ஒருமுறை உபயோகித்த வித்தை மறுமுறை செல்லாது. தரைக் கம்பிவலை வழியாக வந்தால் அவற்றை உறைய வைத்துவிடுகிறான், சிலை மேலிருந்து வந்தால் சிலைகளை. தண்ணீரில் மின்சாரம், காந்தம், கண்ணாடிக் கூரை, வெடி ஜெல் பூசிய சுவர் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இத்தனை மணி நேரமாக எனக்குப் பிடித்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டியதை, எவனோ கணக்கெடுத்து வைத்திருந்து முகத்துக்கு நேராகக் காட்டிய மாதிரி இருந்தது. கடினமான நிலையில் அவனை இன்னும் அதிக தடவை வீழ்த்த வேண்டும், அப்போதுதான் நமக்கு உண்மையில் எத்தனை வித்தை தெரியும் என்பது வெளிச்சத்துக்கு வரும்.

இவ்வளவு அருமையாக ஒன்றை வைத்துவிட்டு, 2015-இல் வந்த 'ஆர்க்கம் நைட்'டில் பேட்மேனின் காரான பேட்மொபைலை டாங்கி ஆக்கி அதிலேயே பாதிச் சண்டையை ஓட்டினார்கள், கூலிக் கொலையாளி டெத்ஸ்ட்ரோக்கைக் கூட டாங்கிக்குள்ளிருந்துதான் வீழ்த்த வேண்டும். ஒரே பாய்ச்சலில் மூன்று பேரைச் சாய்க்கும் வித்தை அதில் பிரமாதம்தான், ஆனால் வரிசையாக மூன்று பேர் ஒன்றும் தெரியாமல் விழுந்தால் அந்த அறையில் பயம் எங்கே இருக்கும்? அசைலம், சிட்டி இரண்டும் சேர்ந்து பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 2016-இல் வந்தன, பிசியில் தள்ளுபடி நேரத்தில் சல்லிசாகவே கிடைக்கும். கண்ட்ரோலர் இல்லாமல் கீபோர்டில் முயற்சி செய்ய வேண்டாம், முடியும், ஆனால் கத்திக்காரனிடம் வதைபடுவீர்கள். ஒரு சுற்று முடித்தவர்கள் நியூ கேம் பிளஸ், அதாவது முதலிலிருந்து இன்னும் கடினமான சுற்று, போங்கள், தலைக்கு மேல் அந்த நீலக் கோடே வராது, எதிராளியின் தோள் அசைவதைப் பார்த்துத்தான் தடுக்க வேண்டும்.

ரெண்டு பட்டன் கேம் என்ற தம்பி போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தான். "அண்ணா, மேலருந்து அடிச்சேன், இப்ப அது வேலை செய்யல. சிலைய எல்லாம் ஐஸ் ஆக்கிட்டான். வேற என்ன இருக்கு?"

"தரையில கம்பிவலை இருக்கும் பாரு."

"அதத்தான் முதல்லயே யூஸ் பண்ணிட்டேனே" என்றான்.