எல்லைக்கு இந்தப் பக்கம் குப்பை: வண்டியா, உரக்கூடமா, இரும்புக்கடையா?

என் வீடு மதுரை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஓர் ஊராட்சியில் இருக்கிறது. அக்கா வீடு அண்ணா நகரில். நடுவில் கால் மணி நேர ஸ்கூட்டர் தூரம்தான். அவள் தெருவில் விசில் சத்தம் கேட்டதும் பேட்டரி வண்டி வந்து நிற்கும். என் தெருவுக்குத் தூய்மைக் காவலர் அம்மா ஒருவர் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். அவருக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் தெருமுனையில் குப்பை மூட்டைகளும் நாய்களும்தான். "இங்க கொண்டாந்து போட்டுட்டுப் போடா" என்பாள் அக்கா. அப்படி ஸ்கூட்டரில் பையை வைத்துக்கொண்டு நான் எல்லை தாண்டிய நாட்களும் உண்டு.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று: எங்களுக்கும் அந்த வண்டியை விடுங்கள். நானும் கேட்டவன்தான். ஆனால் வண்டி அள்ளியது எங்கே போகிறது? பெரும்பாலும் அவனியாபுரம் பக்கம், வெள்ளைக்கல் கிடங்குக்கு. தைப்பொங்கலன்று ஜல்லிக்கட்டுக்காக உலகமே திரும்பிப் பார்க்கும் ஊர் அவனியாபுரம். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். 2011-இல் ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளோடு அவனியாபுரமும் மாநகராட்சியில் சேர்ந்தது. வார்டுகள் 72-லிருந்து 100 ஆயின. அவனியாபுரத்துக்கு வார்டு எண் அப்போதுதான் கிடைத்தது. குப்பை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. புதிதாகக் கிடங்கு அமைப்பதென்றால் விமான நிலையத்திலிருந்து 20 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்றன 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள். நம் விமான நிலையமோ அவனியாபுரத்தைத் தாண்டினால் வந்துவிடும்! ஆக, வண்டி எனக்கு வசதி. அந்த வசதிக்கான வாடகையைக் கட்டுவது இன்னொரு ஊர்.

அடுத்தது, அங்கங்கே சின்ன உரக்கூடம். என் ஓட்டு இதற்குத்தான். நம் வீட்டுக் குப்பையில் எடைக்குப் பாதியோ அதற்கு மேலோ ஈரம்: காய்கறித் தோல், வாழையிலை, மிஞ்சிய சோறு, பூஜைப் பூ. அதை ஒன்றரை, இரண்டு மாதத்தில் பக்கத்திலேயே மட்க வைத்துவிட்டால், வெள்ளைக்கல்லுக்குப் போகும் லாரியில் பாதி குறையும். ஊராட்சிக்கும் இது கட்டுப்படியாகும். பெரிய வண்டியும் வேண்டாம், டீசலும் வேண்டாம். சிக்கல் இரண்டு. ஒன்று, உரக்கூடம் வேண்டும், ஆனால் அடுத்த தெருவில் வேண்டும் என்கிற நம் குணம். கடைசியில் அது ஏழைகள் குடியிருக்கும் கோடியில் போய் உட்காரும். வெள்ளைக்கல் கதையே சின்ன அளவில். இன்னொன்று, தரம் பிரிப்பது. ஒரு டயாப்பரைச் சோற்றோடு சேர்த்துக் கட்டிப் போட்டால், அதைக் கையால் பிரிப்பவர் அதே தூய்மைக் காவலர் அம்மா.

மூன்றாவதை யாரும் ஒரு வசதியாகவே எண்ணுவதில்லை: பழைய இரும்புக்கடை. மாநகராட்சி, ஊராட்சி என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. பேரீச்சம்பழத்துக்குப் போட்ட காலம் போய் இப்போது கையில் காசு. அட்டை, பேப்பர், பால் கவர், உடைந்த குடம் எல்லாம் எடுப்பார்கள். காசாகாததை மட்டும் தொட மாட்டார்கள். சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், தெர்மாகோல் எல்லாம் திரும்பி வந்துவிடும். கழிவுப் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியில் உருக்கி, தாரோடு கலந்து சாலை போடலாம் என்று காட்டியவர், திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் ஊரிலேயே சிப்ஸ் கவருக்கு விலை இல்லை.

சரி, ஈரத்துக்கு உரக்கூடம், காய்ந்ததற்கு இரும்புக்கடை, மிச்சத்துக்கு வண்டி என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் சில பொருள் நிற்கும். பாதரசம் உள்ள டியூப்லைட், பெயிண்ட் டப்பா, காலாவதியான மாத்திரை. இவற்றை வாங்கிக்கொள்ள 20 சதுர கி.மீ.க்கு ஒரு மையம் வேண்டும், எந்த நேரத்தில் வாங்குவார்கள் என்றும் அறிவிக்க வேண்டும் என்றன அதே 2016 விதிகள். மதுரை மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 148 சதுர கி.மீ. கணக்குப் போட்டால் எட்டு மையம். அந்த விதிகள் மாநகராட்சி எல்லையோடு நிற்கவும் இல்லை. நகரத்தை ஒட்டி வளர்ந்த பகுதிகளையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரம் என்று குறிக்கப்பட்ட ஊராட்சிகளையும் சேர்த்தே பேசின.

என் வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் எரிந்துபோன டியூப்லைட் மூன்று நிற்கின்றன. வண்டி உள்ள தெருவில் இதற்கும் வழி இருக்கும் என்று நினைத்து அக்காவிடம் கேட்டேன். அவள் வீட்டில் பரண் மேல் நான்கு இருக்கிறதாம்.