பள்ளிக்கூடத்தில் களவு போன காசு: அதிபரா, பொலிஸா, இணக்கசபையா?

வகுப்புச் சுற்றுலாவுக்குச் சேர்த்த 24,000 ரூபா, இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் மேசை லாச்சியில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். யார் எடுத்தது என்று பாதி வகுப்புக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெற்றோர் இந்தக் காசை மீட்க எங்கே போவது?

முதலில் அதிபர்தான். செலவில்லை, சில நேரம் அன்றைக்கே காசு வந்துவிடும். ஆனால் காசைக் கட்டு என்று கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. மற்றப் பெற்றோர் மறுத்தால் அத்தோடு சரி. முறைப்பாட்டை எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். "இரண்டு அடி போட்டால் உண்மை வரும்" என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். பாடசாலையில் உடல்ரீதியான தண்டனைக்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே தடை. அடித்தால் வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

பொலிஸ் முறைப்பாட்டுக்குப் பயம் அதிகம், பலன் அந்த அளவுக்கு இல்லை. திருட்டுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் எடுத்தவர் 12 வயதுக்குக் கீழ் என்றால் அது குற்றமே ஆகாது. 2018இல் செய்த திருத்தம் அது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்ப்பார்கள். குற்றம் நிரூபணமானால் நட்டஈடு கொடுக்கச் சொல்ல நீதவானால் முடியும். பிள்ளையின் பெற்றோரைக் கட்டச் சொல்லவும் 1939ஆம் ஆண்டுப் பிள்ளைகள், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதுவரைக்கும் தவணை தவணையாக நீதிமன்றம் ஏறவேண்டும். கைப்பற்றிய காசும் சான்றுப்பொருளாக அங்கேயே கிடக்கும். இரவில் பூட்டு உடைத்த வெளியாள் என்றால் பொலிஸ்தான் வழி. பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு எதிராக அங்கே போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரு தரப்பையும் பேசிச் சமரசப்படுத்தும் இணக்கசபையை நம் ஆட்கள் வேலிச் சண்டைக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. பிரதேச செயலகப் பிரிவுகளில் இயங்குகிறது, பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில், பல இடங்களில் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே. சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. ஆளுக்கு ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். யார் கள்ளன் என்று அங்கே தீர்ப்பு எழுதுவதில்லை. மற்றத் தகப்பன் "மாதம் 4,000 படி தருகிறேன்" என்று ஒப்பமிட்டால் போதும், பிள்ளையின் பெயரில் குற்றப்பதிவு ஏறாது. அதனால்தான் மறுப்பவர்களும் இங்கே இறங்கி வருகிறார்கள். குறை ஒன்று: அது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. சொன்னபடி கட்டாவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்று சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகவேண்டும். எப்படியும் இந்த அளவு சிறிய தொகைக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் சிவில் வழக்கை எடுக்கவும் மாட்டார்கள்.

மாவட்ட நீதிமன்றம் 24,000 ரூபாவுக்குக் கட்டுப்படியாகாது. சட்டத்தரணி கட்டணமே அதைத் தாண்டும். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. இலங்கைச் சிவில் வழக்குகளுக்கு அடிப்படையான உரோம-டச்சுச் சட்டப்படி, பிள்ளை செய்ததற்குப் பெற்றோர் என்ற ஒரே காரணத்தால் பொறுப்பு வராது. (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், அது காணி, சீதனம், முதுசத்துக்கு.) அரச பாடசாலை கவனயீனமாக இருந்தது என்று வழக்குப் போடுவதானால் ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்கவேண்டும்.

காசைச் சேர்த்த பெரியவர் ஒருவரே கணக்குக் காட்டாமல் விட்டால் கதை வேறு. அது நம்பிக்கை மோசடி. அங்கே இணக்கசபை வரைக்கும் காத்திருக்காமல், ரசீதுகளோடு பொலிஸுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் ஒரே நாளில் முறைப்பாடு கொடுங்கள்.