பழைய கோல்ஃப் டிரைவர் ஷாஃப்டை ஃபேர்வே வுட்டில் மாட்டித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். கூலி, அடாப்டர் (ஷாஃப்டைத் தலையோடு இணைக்கும் துண்டு), கிரிப் (கைப்பிடி உறை) என்று நான் கட்டிய பணத்துக்கு ஒரு புது ஃபேர்வே ஷாஃப்டே, அதாவது கோல்ஃப் மட்டையின் தண்டே, வாங்கியிருக்கலாம். பணமும் போச்சு, பல காலம் ஆடிய ஷாஃப்டும் போச்சு. கடையின் பெயரைப் போடவில்லை. கிளப்பை, அதாவது மட்டையை, கூரியரில் வாங்கி, வேலை பார்த்துத் திருப்பி அனுப்பும் கடை என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள்.

டிரைவரை (மிக அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்) மாற்றியதில் அதிலிருந்த ஷாஃப்ட் சும்மா கிடந்தது. என் கைக்கு நன்றாகப் பழகிய ஷாஃப்ட். அதை 3-வுட்டில் (டிரைவரைவிடச் சற்றுக் குட்டையான ஃபேர்வே வுட்) போடலாம் என்பது கிறுக்கு யோசனை ஒன்றும் இல்லை, நிறையப் பேர் செய்வதுதான். பெரும்பாலும் இரண்டுக்கும் டிப் (தலைக்குள் நுழையும் முனை) விட்டம் 0.335 அங்குலம், அதனால் உள்ளே நுழைந்துவிடும். ஆனால் நுழைந்தால் மட்டும் போதாது. டிரைவர் தலை சுமார் 200 கிராம், 3-வுட் தலை அதைவிடப் பத்துப் பதினைந்து கிராம் கூடுதல். தலை கனத்தால் அதே ஷாஃப்ட் இன்னும் அதிகமாக வளையும். அதனால் வழக்கமாக முதலில் டிப் பக்கம் அரை அங்குலம் போல வெட்டிவிட்டு, மீதி நீளத்தை கிரிப் பக்கம் குறைப்பார்கள். டிரைவர் 45 அங்குலத்துக்கு மேல், 3-வுட் 43 அங்குலத்தை ஒட்டி என்பதால் எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் நான் சொல்வதற்கு முன்பே போனில் அந்தக் கடைக்காரரே சொன்னார். அங்கேதான் நம்பினேன். "டிப் 335-ஆ, 350-ஆ சார்?" என்று முதல் கேள்வியே சரியாகக் கேட்டார். "டிப்பில் அரை அங்குலம் எடுக்காமல் மாட்டவே மாட்டோம், கொளகொளவென்று ஆடும்" என்றார். "கிராஃபைட்டை முறுக்கிக் கழற்றுகிற வேலையெல்லாம் நம்மிடம் கிடையாது, அளவாகச் சூடு காட்டி, புல்லரில் நேராக இழுத்துத்தான் எடுப்போம்" என்றும் சொன்னார். இவ்வளவு விவரம் தெரிந்தவரை எப்படி நம்பாமல் இருப்பது? முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார்கள், கட்டினேன்.

கிளப் வந்தது. ஃபெரூல் (ஷாஃப்ட் தலையோடு சேரும் இடத்து வளையம்) எல்லாம் பளபளவென்று இருந்தது. ஆனால் கிரிப்புக்குக் கீழே இருக்க வேண்டிய ஷாஃப்டின் பெயர் பாதி கிரிப்புக்குள் போயிருந்தது. டிப் பக்கத்து வெள்ளிக் கோடோ ஃபெரூலிலிருந்து முன்பு இருந்த அதே தூரத்தில் நிற்கிறது. அரை அங்குலம் வெட்டியிருந்தால் நெருங்கி வந்திருக்க வேண்டாமா? மொத்தத்தையும் கிரிப் பக்கமே அறுத்துத் தள்ளியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "அடிச்சுப் பாருங்க சார், பழகிடும்" என்றார்.

பழகவில்லை. பயிற்சி ரேஞ்சில் அடிக்கும்போது ஹோசலுக்கு (தலையில் ஷாஃப்ட் நுழையும் குழல்) சற்று மேலே ஷாஃப்ட் முறிந்து, தலை தனியாகப் பறந்தது. அந்தப் பக்கம் ஒருவரும் நிற்காதது யார் செய்த புண்ணியமோ.

முறிந்த இடத்தைப் பார்த்தபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. கிராஃபைட் இழைகள் தேய்ந்த துடைப்பம் போல விரிந்து நின்றன. நகத்தால் சுரண்டினால் கருப்புப் பொடியாக உதிர்ந்தது. இழைகளைக் கட்டிப் பிடித்திருப்பது ரெசின். ஹீட் கன்னை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தால் அது கருகிவிடும். பசை ஒட்டுவதற்காக டிப்பில் பெயிண்டை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். இவர்கள் ஒரு பக்கம் பெயிண்டை அப்படியே விட்டு, மறுபக்கம் இழை வரைக்கும் ராவியிருக்கிறார்கள். பளபளக்கும் ஃபெரூல் இத்தனையையும் மூடி வைத்திருந்தது!

அப்புறம் ஆரம்பித்தது மழுப்பல். முதலில், "தரையில் ஓங்கி அடிச்சிருப்பீங்க." படம் அனுப்பினேன், பார்த்தார்கள், பதிலே இல்லை. மறுபடி கூப்பிட்டால் வேறொருவர் எடுத்து, "அந்த வேலை பார்த்தவர் இப்ப இல்லை" என்று கைவிரித்தார். கடைசியில், "பழைய ஷாஃப்ட்தானே சார், அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" பழைய ஷாஃப்டை மாட்டித் தருவதற்குத்தானே பணம் வாங்கினீர்கள்? அடிபடாத, கீறல் விழாத கிராஃபைட் வெறும் வயதால் முறிந்துவிடாது. இதற்கு மேல் ஒரு சலுகை வேறு: புது ஷாஃப்ட் அவர்களிடமே வாங்கினால் கூலியில் தள்ளுபடியாம். ஒரு புது ஷாஃப்டுக்கான பணம் ஏற்கெனவே உங்கள் கையில்தானே இருக்கிறது? ஒரு பைசா திரும்பி வரவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அனுப்பும் முன் ஷாஃப்ட் பக்கத்தில் அளவு டேப்பை வைத்துப் படம் எடுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள், வெட்டிய துண்டுகளையும் திருப்பிக் கேளுங்கள். டிரைவர் அடாப்டர் ஃபேர்வேக்குப் பொருந்துமா என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பணம் கட்டும் முன் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். அடிக்கும்போது டிக்கென்று சத்தம் கேட்டாலோ, ஃபெரூலுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, அடுத்த பந்தை அடிக்காதீர்கள். பக்கத்தில் ஆள் நிற்பார்கள்.