பத்மினிக்கு ஸ்பிரிங், ஷாக் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். போன மாதம் எங்கள் பிரீமியர் பத்மினி காருக்கு முன் ஸ்பிரிங் இரண்டும் ஷாக் அப்சர்பர் நான்கும் மாற்றினேன். கூலியோடு 19,400 ரூபாய். அதில் ஒரு பொருள்கூட இப்போது வண்டியில் இல்லை, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டாகிவிட்டது. பணம் போனதைவிட, அப்பா காலத்து ஸ்பிரிங் இரண்டும் கையைவிட்டுப் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

வண்டி 1984 மாடல். அந்தக் காலத்தில் பத்மினிக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள், அப்பாவும் அப்படித்தான் காத்திருந்து வாங்கினார். அவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் ஓட்டுகிறேன். டிரைவர் பக்கம் முன்னால் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. பெரும்பாலும் அப்பா ஒருவராகவே ஓட்டிய வண்டி, அந்தப் பக்கம் இறங்காமல் என்ன செய்யும். பின் ஷாக் ஒன்றில் எண்ணெய் கசிவு, வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும். உண்மையில் அவ்வளவுதான் கோளாறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கடைக்குப் போனபோது இந்த இரண்டும் தனித்தனிக் கோளாறு என்பதே எனக்குத் தெரியாது.

கோவையில் நாலைந்து கடை ஏறி இறங்கினேன். பத்மினி உற்பத்தி நின்று 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. மும்பையில் டாக்சியாக ஓடிக்கொண்டிருந்தவரை சரக்குக்கு ஒரு தேவை இருந்தது, 2023 அக்டோபரில் கடைசி டாக்சியும் ரோட்டைவிட்டுப் போய்விட்டது. எங்கே கேட்டாலும் "இல்லீங்க" என்றுதான் பதில் வந்தது. கடைசியில் ஒருவர் ஒரு கடையைச் சொன்னார், கடையோடு பட்டறையும் உண்டு. பெயரை இங்கே போடவில்லை, ஆனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கடைக்காரர் நான்கு பெட்டிகளை எடுத்து வைத்தார். பெரிய கம்பெனியின் பெயர், மங்கிப்போன அட்டை, நூல் கட்டு. "அந்தக் காலத்து ஸ்டாக் சார், பெட்டியே பிரிக்கல பாருங்க. இனி இந்த மாதிரி சரக்கு கெடைக்காதுங்க" என்றார். ஸ்பிரிங்கும் கம்பெனி சரக்குதான் என்றார். அப்புறம் சொன்ன வார்த்தை இது: "பழசை வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க, வெறும் துருப்புடிச்ச இரும்பு. குடுத்துட்டுப் போங்க, 1,500 கழிச்சுக்கறேன்." நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். பில் கேட்டதற்கு "பில் போட்டா ஜிஎஸ்டி சேருமுங்க" என்றார், அதற்கும் சரி என்றேன். இந்த இரண்டு சரியும் சொல்லியிருக்கக் கூடாது.

சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் முழங்கை வரைக்கும் போகிறது. "புது ஸ்பிரிங் அப்படித்தாங்க இருக்கும், ஓட ஓட செட் ஆயிரும். பின்னாடி ஒரு லீஃப் சேத்துப் போட்டிருக்கேன், அதுக்குக் காசு வேண்டாம்" என்றார். லீஃப் என்றால் பின்பக்க ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் வளைந்த எஃகுப் பட்டை. புது ஸ்பிரிங் ஓட்டத்தில் கொஞ்சம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் அது சில மில்லிமீட்டர் கணக்கு. எங்கள் வண்டி நான்கரை சென்டிமீட்டர் தூக்கியிருந்தது, அது பொருந்தாத ஸ்பிரிங் என்று சொல்ல வேறு எதுவும் வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து வால்பாறைக்குக் கிளம்பினேன். பொள்ளாச்சி வரைக்கும் ஒவ்வொரு சின்னப் பள்ளத்துக்கும் 'டொக்', 'டொக்' என்று மேலிருந்து அடிக்கிறது. ஆழியார் தாண்டி மலை ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் ரோடு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலே பின்பக்கம் துள்ளி வெளிப்பக்கமாக நகர்கிறது. ஸ்டீரிங்கைத் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் தானாக நேராக வரவில்லை, இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒன்பதாவது வளைவில், அணை தெரிகிற இடத்தில், நிறுத்திவிட்டேன். அம்மா எதுவும் சொல்லவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றார். நாற்பது வருடமாக அந்தச் சீட்டில் உட்கார்ந்து வந்தவர் அவர். அங்கிருந்தே திரும்பிவிட்டோம். இருட்டின பிறகு ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழாமல் புளியமரக் கிளையில் விழுந்தது, எதிரே வந்தவர்கள் எல்லாரும் லைட்டை அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள்.

பத்மினி அடிப்படையில் ஃபியட் வண்டிதான். பொள்ளாச்சியில் ஃபியட் வேலை மட்டுமே பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மறுநாள் அவரிடம் கொண்டுபோனேன். ஜாக்கி வைப்பதற்கு முன்னாலேயே சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தம்பி, உங்க பழைய ஸ்பிரிங் எங்கே?" என்றுதான் கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவர் காட்டியதை எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஷாக் அல்ல. ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டும். அதனால் வண்டி இறங்கியிருக்கிறது என்று சாதாரண எண்ணெய் ஷாக்கை மாற்றினால் உயரம் ஒரு நூல்கூட ஏறாது. ஆட்டம் நிற்கவில்லை என்று ஸ்பிரிங்கை மாற்றினாலும் பயனில்லை. எங்கள் வண்டிக்கு ஒரு ஷாக் ஜோடி போதும், ஸ்பிரிங் விஷயத்தில் அவசரமே இல்லை. இதை அந்தக் கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

புதிதாகப் போட்ட முன் ஸ்பிரிங்கில் கம்பியின் தடிமன் அதிகம் என்றார். திருப்பூரில் பத்மினி வைத்திருக்கும் நண்பர் வண்டியில் கேலிப்பர் வைத்து அளந்து பார்த்தோம், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்றபடி கூடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 போட்டால், மற்ற அளவெல்லாம் ஒன்றாகவே இருந்தாலும், விறைப்பு 38 சதவீதம் ஏறிவிடும். மெல்ல அசைந்து போகிற மாதிரி செய்த வண்டிக்கு இது அடுக்குமா? ஒரு சுற்றை வெட்டிவிட்டால் உயரம் இறங்கிவிடுமே என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது அதைவிட மோசம், அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பிறகு அது எங்கே உடையும் என்று யாருக்கும் தெரியாது.

பின்னால் காசு வாங்காமல் சேர்த்த லீஃப்தான் பெரிய கேடு. சுமை ஏற்றுகிற வண்டிக்கு அது சரி, நாலு பேர் போகிற காருக்கு எதற்கு? பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் ஷாக் ஏறக்குறைய முழு நீளத்துக்கு இழுபட்டே நின்றிருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்க முயன்றபோதெல்லாம் ஷாக் அதன் எல்லையில் போய் இடித்திருக்கிறது, 'டொக்' என்று நான் கேட்டது அதைத்தான். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் ஷாக்கை மாட்டுகிற கண்ணோடு பிய்த்துக்கொண்டு வந்திருக்கும் என்றார். ஸ்டீரிங் திரும்பி வராததற்கு முன்பக்கம் தூக்கியதால் மாறிப்போன சக்கரக் கோணமும், இணைப்புகளில் இருக்கிற ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டதும் காரணம். வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டபடியே போல்ட்டை எல்லாம் முறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டை, சக்கரம் தரையில் இருந்து வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

அப்புறம் ஷாக்குகள். 400 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, இரண்டில் எண்ணெய் வழிந்திருந்தது. பெரியவர் துணியில் தின்னர் தொட்டு ஒன்றைத் துடைத்தார். கறுப்பு பெயின்டுக்குக் கீழே இன்னொரு கறுப்பு, அதற்கும் கீழே துரு. அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, பற்றவைத்து மூடிய தழும்பு. தண்டை முழுக்க இழுத்துப் பார்த்தால் குரோம் மேல் குண்டூசி முனை அளவில் குழிகள். எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீல் ஒன்று உண்டு, அந்தக் குழி அதை அறுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் நிற்காது. பெட்டி மட்டும்தான் பிரிக்காத பெட்டி, உள்ளே இருந்தது யாரோ ஒருவர் 'பழசு' என்று கழித்துக் கொடுத்துவிட்டுப் போன ஷாக். என் பழைய ஷாக் நான்கும் இப்போது எந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ என்பதை நினைத்தால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். "நீங்க மலையில ஓட்டுனா நாங்க என்ன சார் பண்றது" என்றார். ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுங்கள், அதற்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்றேன். எடைக்குப் போட்டாயிற்று என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் யுபிஐ-யில் பணம் அனுப்பிய சான்றையும், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய பெட்டிப் படங்களையும் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் மாற்றப் போகிறீர்கள் என்றால், கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் அரை மணி நேரம் செலவழியுங்கள். டயரில் காற்றைச் சரியாக அடித்து, சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். முன் மூலையை அழுத்திவிட்டால் ஒன்றரை ஆட்டத்தில் நிற்க வேண்டும். பின்பக்கம் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், லீஃப்களின் உராய்வே ஆட்டத்தை நிறுத்திவிடும், ஷாக் செத்துப்போனது தெரியாது. ஷாக் வாங்கும்போது பெட்டியைப் பார்க்காமல் பொருளை வெளியே எடுத்து, நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை இழுத்து அமுக்கிவிட்டு, அதன் பிறகு கவனியுங்கள். முதல் இரண்டு இழுப்பில் காற்று இருந்தால் பரவாயில்லை, படுக்க வைத்த ஷாக்கில் அது சகஜம். அதற்குப் பிறகும் நடுவில் ஒரு இடத்தில் பிடிப்பில்லாமல் வழுக்கினால் வாங்காதீர்கள். மூடிய நீளம், விரிந்த நீளம் இரண்டையும் பழையதோடு ஒப்பிடுங்கள். பிரீமியர் வண்டி என்று மட்டும் சொல்லாதீர்கள், 118 என்.இ. என்கிற இன்னொரு பிரீமியர் கார் ஃபியட் 124 வழியில் வந்தது, நம்முடையது ஃபியட் 1100 வழி, இரண்டும் வேறு வேறு. பழைய ஸ்பிரிங்கை மட்டும் எத்தனை ஆயிரம் கழித்தாலும் கொடுக்காதீர்கள். இறங்கிப்போயிருந்தாலும் கம்பித் தடிமன், சுற்று எண்ணிக்கை, விட்டம் எல்லாம் அதில்தான் இருக்கிறது, புதிதாகச் சுற்றித் தருகிறவருக்கு அதைத்தான் மாதிரியாகக் கொடுக்க முடியும்.

எங்கள் வண்டிக்கு இப்போது திருப்பூர் நண்பர் வண்டியின் அளவை வைத்துச் சுற்றக் கொடுத்திருக்கிறேன். அதுவரை வண்டி கட்டையில் நிற்கிறது.

ஒரு வேண்டுகோள். ஒருமுறை அப்பா ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டியபோது இடம் மாறிவிடக் கூடாதென்று மேல் சுற்றில் வெள்ளை பெயின்டால் ஒன்றில் 'இ' என்றும் இன்னொன்றில் 'வ' என்றும் எழுதி வைத்தார். எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கும், ஆனால் படிக்க முடியும். கோவை வட்டாரத்தில் யாருக்காவது பத்மினி ஸ்பிரிங் வந்து அதில் அந்த எழுத்து இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த விலையும் அதற்கு மேலும் தருகிறேன், எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.