யூவெர்ஷன் வேதாகமச் செயலி: சோதனை வேளையில் எவ்வளவு துணை?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள லைஃப்.சர்ச் என்ற சபை 2008 ஜூலையில் வெளியிட்ட யூவெர்ஷன் வேதாகமச் செயலியை இன்று நம் சபைகளில் பலரும் அச்சு வேதாகமத்துக்குப் பதிலாகவே கொண்டுவருகிறார்கள். எழுத்தின் அளவு, தேடும் வசதி, ஒலியின் தரம் ஆகியவற்றை வைத்து இதைப் பாராட்டுவது எளிது. உலக இச்சைகளோடு போராடுகிற ஒரு விசுவாசி தேவனைச் சார்ந்து நிற்கப் பழகுவதற்கு இது எந்த அளவுக்கு உதவுகிறது என்ற கேள்வியோடு, உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின தவக்காலமாகிய லெந்து நாட்களில் இதைத் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

செயலி இலவசம், விளம்பரங்கள் கிடையாது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை, ஏனெனில் ஒரு சங்கீதத்தை வாசித்து முடிப்பதற்குள் நகைக்கடையும் சூதாட்ட விளையாட்டும் திரையின் அடியில் வந்து அழைக்கிற இலவசச் செயலிகளையும் நாம் பார்த்திருக்கிறோம். தமிழில் ஓ.வி. எனப்படும் பழைய மொழிபெயர்ப்புப் பதிப்போடு வேறு சில மொழிபெயர்ப்புகளும் உள்ளன, சிலவற்றை ஒலி வடிவில் கேட்கலாம். கண்பார்வை குறைந்த பெரியவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே செயலியை நிறுவிக் கொடுக்கலாம்.

வாசிப்புத் திட்டங்கள்தாம் இதன் முக்கியச் சேவை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு தியானம், அதையொட்டிச் சில வேதபகுதிகள் என்ற அமைப்பில், சில நாட்களில் முடிகிறவையும் ஓராண்டு நீள்கிறவையும் உண்டு. இடையில் சில நாட்கள் தவறிப்போனால், விட்ட இடத்திலிருந்து தேதிகளை மாற்றியமைத்துக் கொடுக்கிற வசதி இருக்கிறது. விழுந்தவர் எழுந்து தொடருவதற்கு இடம் கொடுக்கிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் கிடைக்கும் திட்டங்கள் ஆங்கிலத்தில் உள்ளவற்றைவிடக் குறைவு. நான் வாசித்தவற்றில் பலவற்றின் பின்புலம் அமெரிக்க வாழ்க்கையாகவே இருந்தது. யோவான் தன் முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை என்று மூன்றைச் சொல்கிறார். முதல் இரண்டைப் பற்றித் திட்டங்கள் தாராளமாகப் பேசுகின்றன. ஆனால் ஜெபத்தோடு பெண் பார்த்து, ஜெபத்தோடே வரதட்சணையும் பேசி முடிக்கிற நம் வீடுகளின் ஜீவனத்தின் பெருமையை எந்தத் திட்டமும் தொடவில்லை. அதை அயல்நாட்டு ஆசிரியர்களிடம் எதிர்பார்ப்பதைவிட, எழுதத் தெரிந்த நம் ஆயர்களிடம் கேட்பதுதான் நியாயம்.

அன்றாட வசனம் என்ற பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் ஒரு வசனம் அழகிய படத்தின்மேல் வந்து நிற்கிறது. ஒரு தொடுதலில் அதை வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிடலாம். புத்தாண்டு ஆராதனையில், ஆண்டுக்கான ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுத்து வளர்ந்த நமக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல, இதிலுள்ள ஆபத்தும் புதிதல்ல. 1 கொரிந்தியர் 10:13 இப்படிப் படமாகப் பகிர்வதற்கு மிகவும் பொருத்தமான வசனம்: சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனமோ, தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன் என்கிறது; பிந்தின வசனம் விக்கிரகாராதனைக்கு விலகியோடச் சொல்கிறது. எச்சரிக்கையும் ஓட்டமும் இல்லாமல் நடுவிலுள்ள ஆறுதலை மட்டும் எடுத்துக்கொள்கிறவர், பவுல் எழுதியதில் பாதியைக்கூட வாசிக்கவில்லை. வனாந்தரத்துச் சோதனைக்குப் பின் தேவாலயத்து உப்பரிகையில் நின்று இயேசுவிடம் 91-ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டியவன் பிசாசு என்பதையும், "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை அவன் விட்டுவிட்டதையும் நினைத்துப் பார்த்தால், தனித்து நிற்கிற வசனம் எந்தக் கைக்கும் பயன்படும் என்பது விளங்கும். வசனத்திலிருந்து அதன் முழு அதிகாரத்திற்கும் செல்ல இந்தச் செயலி வழி வைத்திருக்கிறது. அந்த வழியைப் பயன்படுத்தாமல் பகிர்ந்துவிட்டுப் போவது நம்முடைய தெரிவு.

தொடர்ந்து எத்தனை நாள் செயலியைத் திறந்தோம் என்று அது எண்ணி வைக்கிறது; சில செயல்களுக்குப் பதக்கங்களும் தருகிறது. ஒழுங்கில்லாதவருக்கு இது ஆரம்பத்தில் ஊன்றுகோலாக உதவும் என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் எண்ணிக்கை முறிந்துவிடக்கூடாதே என்பதற்காக இரவு படுக்கும் முன் அவசரமாகத் திறந்து மூடுவதற்கும் தேவனைச் சார்ந்திருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்று கற்பித்தவருடைய சீஷர்கள், தங்கள் தியானத்தை நண்பர்கள் பட்டியலுக்குக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை. திட்டங்களைத் தனியாகவும் வாசிக்கலாம், அறிவிப்புகளை நிறுத்தியும் வைக்கலாம். இரண்டையும் முதல் நாளே செய்துவிடுங்கள். மேலே வந்து நிற்கிற அறிவிப்பைத் தொடப் போன விரல், அதற்கு அடுத்த அறிவிப்பையும் தொட்டுவிடும் என்பது கைப்பேசி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததே.

சோதனைக்காரனுக்கு இயேசு கொடுத்த மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. பசித்திருந்த அவருடைய கையில் சுருள் எதுவும் இருந்ததாக மத்தேயு எழுதவில்லை. வசனங்கள் அவருக்குள் இருந்தன. "உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" என்று 119-ஆம் சங்கீதக்காரன் சொல்வதும் அதையே. எந்த வசனத்தையும் நொடியில் தேடித் தருகிற செயலி, எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்ற எண்ணத்தையும் கூடவே தந்துவிடுகிறது. கோபம் தலைக்கேறும் நேரத்திலும், லஞ்சப் பணம் மேசைமேல் வைக்கப்படும் நேரத்திலும், நள்ளிரவில் தனிமையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் செயலியைத் திறந்து வசனம் தேடுகிறவர் அரிது. ஞாயிறு பள்ளியில் மனனம் செய்த வசனங்கள்தாம் அப்போது நாவுக்கு வருகின்றன.

ஆகவே, பயணத்தில் ஒலி வேதாகமமாகவும், மொழிபெயர்ப்புகளை ஒப்பிடவும், வேதாகமத்தை முறையாக வாசித்து முடிக்கவும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். சிற்றின்பக் காட்சிகளுக்கோ பண ஆசைக்கோ அடிமைப்பட்டு விடுதலை தேடுகிறவருக்கு இதை முதல் மருந்தாகச் சொல்லமாட்டேன். அவர் நம்பத்தக்க ஒரு மூத்த விசுவாசியிடம் முதலில் மனம் திறந்து பேசட்டும். காலை தியானத்திற்குக் கைப்பேசியை வேறு அறையில் விட்டுவிட்டு, இந்தியாவின் வேதாகமச் சங்கம் வெளியிடும் அச்சு வேதாகமத்தை எடுத்துக்கொள்ளட்டும்.