பச்சை டிக் இருக்கும்போதே என் ஜிமெயில் போனது

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். போன மாதம் பிடிஎஃப்-ஐ வேர்டாக மாற்ற ஒரு தளத்துக்குப் போனேன். 'நான் ரோபோ அல்ல' பெட்டி வந்தது, டிக் செய்தேன். உடனே, சரிபார்க்க விண்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்துங்கள், அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர் என்று வந்தது. அவசர வேலை, செய்துவிட்டேன். கறுப்பாக ஒரு விண்டோ வந்து மறைந்தது.

ராத்திரிக்குள் என் ஜிமெயிலிலிருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் மெயில் போயிருக்கிறது. ஓடிபி போட்டுத்தான் வைத்திருந்தேன், ஆனால் திருடியவனுக்கு அது தேவையே இல்லை, நான் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயையே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று வருட ஆன்டிவைரஸை விற்ற கடைக்காரர், வாங்கும்போது "எந்த சைட்டுக்கு வேணும்னாலும் போங்க சார்" என்றவர், இப்போது "நீங்களே ரன் பண்ணிட்டீங்களே, அது என்ன பண்ணும்" என்கிறார். ஃபுல் ஸ்கேன் ஓட்டி, எல்லாம் சரி என்ற பச்சை டிக்கைக் காட்டி, சர்வீஸுக்கு 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். எனக்குக் கோபம் அங்கேதான்.

இந்த மோசடிக்கு கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர். நாம் டிக் செய்யும்போதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை, காப்பி செய்தது தங்கும் கிளிப்போர்டில் வைத்துவிடுகிறது, நாம் ஒட்டி என்டர் தட்டினால் கட்டளைகளை ஓட்ட விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல் வெளியிலிருந்து திருட்டு நிரலை இழுத்து பெரும்பாலும் மெமரியிலேயே ஓட்டிவிடும். டவுன்லோட் ஃபோல்டரில் எதுவும் இருக்காது. ஆன்டிவைரஸ் ஏற்கெனவே பார்த்த ஃபைலையும் தெரிந்த கெட்ட முகவரியையும் நன்றாகவே பிடிக்கும், ஆனால் இவர்கள் முகவரியையும் நிரலையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்கிற ரகமும் உண்டு, அதற்கப்புறம் ஸ்கேன் ஓட்டினால் பச்சைதான் வரும். இப்படியும் பரவிய லும்மா என்ற திருட்டு நிரலை மட்டும் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் கண்டதாக மைக்ரோசாஃப்டே சொன்னது.

மாட்டிக்கொண்டால் நெட்டைத் துண்டித்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரில் அல்ல, போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். 'எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுங்கள், பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். அப்புறம், விண்டோஸ் கீயும் ஆர்-உம் அழுத்தினால் வரும் ரன் பெட்டியைத் திறந்து பாருங்கள், கடைசியாக ஒட்டியது அதிலேயே நிற்கும். என்னுடையதில் நின்றது. கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.