ஆர்.வி.யில் மூன்று ஆண்டுகள்: கேம்ப்கிரவுண்ட் வைஃபையை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் 28 அடி இழுவை வீட்டு வண்டியோடு மூன்று ஆண்டுகளாக ஊர் ஊராகத் திரிகிறோம். எனக்கும் மனைவிக்கும் கணினியில்தான் வேலை. வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டுகள் போடும் 'இலவச வைஃபை உண்டு' என்ற வரியை முதல் ஆண்டு அப்படியே நம்பினேன். இப்போது அதைப் பழைய லாட்ஜ் வாசலில் 'வெந்நீர் உண்டு' என்று எழுதியிருப்பதைப்போலப் படிக்கிறேன்: எத்தனை மணிக்கு, எத்தனை பக்கெட் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரிசோனாவில் ஓர் இடம். காலை ஆறு மணிக்கு இணையம் பறந்தது. வெள்ளிக்கிழமை மாலை வண்டிகள் வரிசையாக வந்து நிரம்பியதும், வீடியோ அழைப்பில் என் மேலாளர் வாயைத் திறந்தபடி உறைந்துவிட்டார். வண்டியின் அலுமினியச் சுவர்தான் சிக்னலைத் தடுக்கிறது என்று நினைத்து, கூரையில் ஒரு ஆன்டெனா வாங்கிப் பொருத்தினேன். கோடுகள் முழுதாக ஏறின. வேகம் இம்மியும் ஏறவில்லை. நூறு வண்டிகளுக்கும் வெளியே போக ஒரே இணைப்பு. தெருக்குழாயில் தண்ணீர் நூலாக வரும்போது குடத்தை நெருக்கி வைத்து என்ன பயன்? உலோகச் சுவர் சிக்னலைக் குறைப்பது உண்மைதான். ஆனால் ஆன்டெனா தீர்ப்பது அந்த ஒரு கோளாறை மட்டுமே.

அதன்பின் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொண்டோம். 'வரம்பற்ற' திட்டம் என்றாலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கும். சிறிய எழுத்தைப் படியுங்கள். 2022 மே மாதத்தில், செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் ஆர்.வி.க்கெனத் தனித் திட்டம் கொண்டுவந்த பிறகு டிஷ்ஷும் வந்தது. பாலைவனத்தில் அதற்கு இணையில்லை. வடக்கு கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரங்களுக்கு அடியில் வானமே தெரியாது. டிஷ் என்ன செய்யும்? யோசெமிட்டி தேசியப் பூங்காவின் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்பும் கிடையாது. 50 முதல் 75 வாட் வரை இழுக்கும் டிஷ்ஷை பேட்டரியில் ஓட்டினால், இரவில் ஹீட்டரா இணையமா என்று வீட்டில் வழக்கு நடக்கும்.

முன்பதிவு செய்யும்போது 'வைஃபை இருக்கிறதா' என்று இப்போது கேட்பதில்லை. 'சனிக்கிழமை இரவு வீடியோ அழைப்பு பேச முடியுமா' என்று கேட்கிறேன். ஒரே ஒரு அலுவலகப் பெண்மணி மட்டும் சிரித்துவிட்டு, "மெயில் பார்க்கலாம், அவ்வளவுதான்" என்றார். அங்கே இரண்டு வாரம் தங்கினோம்.